வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்கள் பணியிடத்தில் விழும் ஆபத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதியவர்களையும் நோயாளிகளையும் அவர்களுடைய வீட்டுக்கே சென்று பார்த்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். அவற்றுடன் அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் குடும்பத்தினரின் கேள்விகள் சிலவும் உண்டு. "பார்த்து நடங்கள்" என்ற பதிலை எங்கும் தரவில்லை. பராமரிப்பாளரின் கண் தரையில் இருக்க முடியாது, எதிரில் இருக்கும் மனிதர் மேல்தான் இருக்கும். ஆகவே அவரைத் தொடுவதற்கு முன்பே தரையைச் சரிசெய்துவிட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

நாங்கள் ஏணியில் ஏறுவதில்லை, சாரத்தில் நிற்பதில்லை. சமதரையில் வேலை செய்பவர்களுக்கு விழும் ஆபத்து என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. உயரத்திலிருந்து விழுந்தால்தான் பெரிய அடி என்பது தவறான எண்ணம். நின்ற உயரத்திலிருந்து ஈரத் தரையில் விழுந்தாலே மணிக்கட்டு உடையலாம், முழங்கால் பெயரலாம், பின்மண்டை அடிபட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

தொழிற்சாலையில் தரையைப் பராமரிக்க ஒருவர் இருப்பார், ஈரம் என்று பலகை வைப்பார்கள். வீடு அப்படி இல்லை. அங்கே வாழ்பவரின் வசதிக்கும் பழக்கத்துக்கும் ஏற்பவே எல்லாம் இருக்கும். அவர்களுக்குப் பத்து, இருபது ஆண்டுகளாகப் பழகிய நிலைப்படி உங்களுக்குப் புதியது. ஒரே நாளில் மூன்று நான்கு வீடுகளுக்குப் போகிறவருக்கு ஒவ்வொன்றும் வேறொரு தரை, வேறொரு படிக்கட்டு, வேறொரு வெளிச்சம். விழுந்தால் கை கொடுக்கச் சக பணியாளரும் பக்கத்தில் இல்லை.

வழுக்குவதும் தடுக்குவதும் ஒன்றுதானே? எப்படி விழுந்தால் என்ன?

இரண்டையும் தவிர்க்கும் வழி வேறு வேறு என்பதால் பிரித்துப் பார்க்க வேண்டும். குதிகால் தரையில் பதியும் நொடியில் பிடிமானம் இல்லாவிட்டால் பாதம் முன்னே போய்விடும், உடல் பின்பக்கம் சாயும். அடிபடுவது இடுப்பு, வால் எலும்பு, பின்மண்டை. இது வழுக்குதல். ஈரம், எண்ணெய், சோப்பு, டால்கம் பவுடர், தேய்ந்த காலணி ஆகியவை இதற்குக் காரணம்.

தடுக்குதலில் கால்விரல் எதிலாவது சிக்கும், உடல் முன்பக்கம் பாயும். மணிக்கட்டும் முழங்காலும் முகமும் அடிவாங்கும். நாம் நடக்கும்போது கால்விரல்களுக்கும் தரைக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த இடைவெளி 1 முதல் 2 சென்டிமீட்டர்தான். மடங்கிய விரிப்பின் ஓரம், தரையில் ஓடும் ஒரு வயர், சற்றே தூக்கி நிற்கும் ஓடு ஆகியவற்றுக்கு அந்த உயரம் போதும். மூன்றாவது வகையும் உண்டு. படி முடிந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு படி இருக்கும் இடத்தில் கால் வைப்பது. அறிமுகமில்லாத வீடுகளில் இது அடிக்கடி நேர்கிறது.

ஒரு வீட்டுக்கு முதல் நாள் போனதும் எதைப் பார்க்க வேண்டும்?

பெரியவரை எங்கிருந்து எங்கே அழைத்துச் செல்வீர்களோ அந்தப் பாதையை முதலில் தனியாக, வெறுங்கையோடு நடந்து பாருங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு, கட்டிலிலிருந்து சாப்பிடும் இடத்துக்கு, அறையிலிருந்து வெளிவாசலுக்கு. நிலைப்படி எவ்வளவு உயரம், விளக்கின் சுவிட்ச் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கைபிடிக்க உறுதியாக எது இருக்கிறது, எது ஆடுகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். பாதி ஆபத்துகள் அதிலேயே தெரிந்துவிடும்.

இதை முதல் நாளே செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில வாரங்கள் போனால் உங்களுக்கும் அந்த வீடு பழகிவிடும். மடங்கிய மிதியடியைத் தாண்டிப் போகக் கால் தானாகவே கற்றுக்கொள்ளும், கண் அதைக் கவனிப்பதை விட்டுவிடும். கையில் பாத்திரமோ, தோளில் ஒரு மனிதரின் எடையோ இருக்கும் நாளில் அந்தப் பழக்கம் உதவாது.

எந்தக் காலணி போட வேண்டும்? விலை அதிகமானதுதான் நல்லதா?

விலை முக்கியமில்லை. குதிகாலை மூடியதாக, காலோடு இறுகி நிற்பதாக, மென்மையான ரப்பர் அடிப்பாகமும் ஆழமான வரிப்பள்ளங்களும் கொண்டதாக, குதி தாழ்ந்ததாக இருக்க வேண்டும். வரிப்பள்ளங்கள் ஈரத்தைப் பக்கவாட்டில் வெளியேற்றுகின்றன, அதனால் ரப்பர் தரையைத் தொடுகிறது. பள்ளம் தேய்ந்து அடிப்பாகம் வழவழப்பானால், மேல்பாகம் புதிதாக இருந்தாலும் அந்தக் காலணியின் வேலை முடிந்துவிட்டது. பின்பட்டை இல்லாத செருப்பு பெரியவரைத் திருப்பும்போது காலை விட்டுக் கழன்றுகொள்ளும். அதை இந்தப் பணிக்கு வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

வீட்டுக்குள் காலணி போடக் கூடாது என்கிறார்கள். வெறுங்காலோடு வேலை செய்யலாமா?

உள்ளே மட்டும் போடுவதற்கென்று தனியாக ஒரு ஜோடியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகத்தைத் துடைத்துக் காட்டி, "இது வெளியே போடாதது" என்று சொன்னால் பெரும்பாலான குடும்பங்கள் மறுப்பதில்லை. காரணத்தையும் சொல்லுங்கள்: "நான் வழுக்கினால் அவரும் என்னோடு விழுவார்."

காலுறை மட்டும் அணிந்து பளிங்குத் தரையிலோ ஓட்டுத் தரையிலோ நடப்பது வெறுங்காலைவிட மோசம். காலணிக்கு மேல் மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும் அப்படித்தான். உறை கட்டாயம் என்றால் அடியில் சொரசொரப்பான பூச்சு உள்ள வகையைக் கேளுங்கள்.

குளிப்பாட்டும்போதுதான் எனக்குப் பயம். அங்கே ஈரம் இல்லாமல் எப்படி இருக்கும்?

ஈரம் இருக்கத்தான் செய்யும். அது எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்று பிரித்துவிட்டால் பயம் குறையும். பெரியவர் குளியல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இடம் நனையலாம். நீங்கள் நிற்கும் இடமும் அவர் எழுந்து நடக்கப்போகும் பாதையும் நனையக் கூடாது. கைத்தெளிப்பான் இருந்தால் தண்ணீரைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்கலாம். குவளையால் ஊற்றுவதானால் சிறிது சிறிதாக, உடலோடு ஒட்டி ஊற்றுங்கள். அடியில் பிடிப்புள்ள ரப்பர் விரிப்பை உங்கள் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

வரிசையை மாற்றாதீர்கள். துண்டு, உடை, சோப்பு எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் வந்த பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும். குளித்து முடிந்ததும் அவரை உட்கார்ந்த நிலையிலேயே துவட்டுங்கள். அவருடைய பாதங்களையும் துவட்டுங்கள். பிறகு தரையைத் துடையுங்கள், உங்கள் காலணியின் அடிப்பாகத்தையும் துடையுங்கள். அதற்குப் பிறகுதான் அவர் எழ வேண்டும். பலர் அவரை எழுப்பிவிட்டு, ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு, காலால் துணியை இழுத்துத் தரையைத் துடைக்கிறார்கள். இதைவிட ஆபத்தான நிலை இந்தப் பணியில் வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கைபிடிக்கும் கம்பியையும் சோதியுங்கள். துண்டு மாட்டும் கம்பி மனித எடையைத் தாங்குவதற்காகப் பொருத்தப்பட்டதல்ல. பற்றினால் சுவரிலிருந்து பெயர்ந்து வரும். காற்றழுத்தத்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகளும் சொல்லாமல் கழன்றுகொள்ளக் கூடியவை. சுவருக்குள் திருகாணியால் இறுக்கிய கம்பிதான் நம்பத்தக்கது. இன்னொன்று: எண்ணெயோ லோஷனோ தேய்ப்பதைக் குளியலறையில் செய்யாதீர்கள். ஒரு துளி தரையில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது.

தரை சுத்தமாக இருந்தும் வழுக்குகிறதே?

சோப்புத்தூளையோ திரவத்தையோ அளவுக்கு மேல் போட்டுத் துடைத்திருப்பார்கள். நன்றாக அலசாவிட்டால் அது மெல்லிய படலமாகத் தரையில் தங்கும், பிறகு சிறிது ஈரம் பட்டாலும் வழுக்கும். அளவைக் குறைத்து, வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்து, காயவிட்ட பிறகு நடந்து பாருங்கள்.

விரிப்பை எடுக்கச் சொன்னால் அந்த அம்மாவுக்குக் கோபம் வருகிறது. அது அவருடைய வீடு. நான் என்ன செய்வது?

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நோய் வந்ததிலிருந்து எல்லோரும் அவருடைய பொருள்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். "இது ஆபத்து, எடுத்துவிடுங்கள்" என்று தொடங்கினால் உங்களையும் அந்த வரிசையில்தான் சேர்ப்பார். "இந்த விரிப்பு எங்கே இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். நடைபாதையிலிருந்து நாற்காலிக்குப் பின்னாலோ சுவரோரமோ அது நகர்ந்தால் போதும்.

நகர்த்தவும் சம்மதிக்கவில்லை என்றால், இருபக்கமும் ஒட்டும் பட்டையால் நான்கு ஓரங்களையும் தரையோடு ஒட்டிவிடலாம், அல்லது அடியில் வழுக்காத வலையை விரிக்கலாம். அதற்கும் இடம் கொடுக்கவில்லை என்றால் உங்களை அனுப்பும் மேற்பார்வையாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். குடும்பத்தோடு பேச வேண்டியது அவர் கடமை. தினமும் அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டிய உங்கள் தலையில் அந்தப் பேச்சுவார்த்தையைக் கட்டுவது சரியில்லை.

ஆக்சிஜன் குழாயை எடுக்க முடியாதே. அது வீடு முழுவதும் கிடக்கிறது.

அந்தக் குழாய் 15 மீட்டர் வரைகூட நீளமாக இருக்கும், பெரியவர் நடக்க நடக்க இடம் மாறிக்கொண்டும் இருக்கும். அதனால் 'எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்' என்ற நம்பிக்கை உதவாது. தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் குறைக்கலாமா என்று கருவி வழங்கியவரிடம் கேளுங்கள். நடக்கும்போது உபரிக் குழாயைத் தளர்வான வளையமாகக் கையில் பிடித்துக்கொள்ளப் பெரியவருக்கோ உங்களுக்கோ பழக்கமாக வேண்டும். தரையின் நிறத்தோடு கலந்துவிடாத நிறத்தில் குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது. மின்வயர்களைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: சுவரோரமாகப் போக வேண்டும், நடைபாதையைக் குறுக்கே வெட்டக் கூடாது. விரிப்புக்கு அடியில் மறைக்காதீர்கள். தடுக்கவும் செய்யும், சூடாகித் தீயும் பிடிக்கும்.

இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தபடிதான் அவரை அழைத்துப் போகிறேன். அவருக்கு அதுதான் தைரியம். தவறா?

பாசத்தினால் வரும் பழக்கம் இது. குழந்தைக்கு நடை பழக்குவது போல என்று எண்ணிச் செய்கிறோம். ஆனால் குழந்தை பத்துக் கிலோ, பெரியவர் அறுபது கிலோ. பின்னால் நடக்கும்போது உங்களுக்குத் தரை தெரியாது, நிலைப்படி தெரியாது. அவர் முன்னே சாய்ந்தால் அவருடைய எடை முழுவதும் உங்கள் மேல் வரும், உங்கள் எடையோ ஏற்கெனவே குதிகாலில் இருக்கிறது. இருவரும் சேர்ந்து விழுவீர்கள். நீங்கள்தான் அடியில் இருப்பீர்கள்.

அவருடைய பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்தங்கி, அவர் பார்க்கும் திசையையே பார்த்து நடங்கள். ஒரு கை அவருடைய இடுப்புப் பட்டையைப் பின்புறமாகப் பிடித்திருக்கட்டும், மற்றொரு கை அவருடைய முன்கையைத் தாங்கட்டும். இடுப்புப் பட்டை என்பது நடக்கும்போது பிடித்துக்கொள்வதற்கென்றே இடுப்பில் கட்டும் அகலமான துணிப்பட்டை. வயிற்றில் அறுவை சிகிச்சை, விலா எலும்பு முறிவு போன்றவை இருந்தால் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்காமல் கட்டக் கூடாது. முதல் சில நாள் அவர் உங்கள் முகத்தைத் தேடுவார். பேசிக்கொண்டே நடங்கள், குரல் அந்தத் தைரியத்தைத் தரும்.

சக்கர நாற்காலியை நிலைப்படி தாண்டப் பின்னோக்கி இழுக்கத்தான் வேண்டியிருக்கும். அதற்கு முன் திரும்பி நின்று பாதையைப் பாருங்கள், பிறகு இழுங்கள். பெரியவர் ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு பிரேக்குகளும் போட்டிருக்கின்றனவா என்று கையால் தொட்டு உறுதிசெய்யுங்கள்.

அவர் விழப்போகும்போது தாங்கிப் பிடிக்காமல் எப்படி இருக்க முடியும்?

மனம் கேட்காது என்பது உண்மை. ஆனால் கணக்கையும் பாருங்கள். எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போதே ஒருவர் தூக்கக்கூடிய பொருளின் எடைக்கு அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கில் உச்ச வரம்பு 23 கிலோ. மனிதரைக் கையால் தூக்குவதற்கு அந்தக் கணக்கை ஒட்டிப் பரிந்துரைக்கப்பட்ட வரம்பு ஏறத்தாழ 16 கிலோ. ஏனென்றால் மனிதர் நெளிவார், திமிறுவார், பயத்தில் உங்களைப் பற்றுவார். விழுந்துகொண்டிருக்கும் முழு மனிதரை நிறுத்துவது இதற்கெல்லாம் அப்பாற்பட்டது.

நீங்கள் செய்யக்கூடியது அவருடைய விழுதலை மெதுவாக்குவது. முந்தைய பதிலில் சொன்னபடி பக்கத்திலேயே, பட்டையைப் பிடித்தபடி இருந்தால், ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் அகல வைத்து, அவரை உங்கள் உடலோடு சேர்த்து அணைத்து, உங்கள் தொடையில் சறுக்கிக் கீழிறங்கவிடுங்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி நீங்களும் அவரோடு இறங்குங்கள். அவர் தலை தரையிலோ மேசையிலோ இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறையின் மறுகோடியில் நின்றால் பாய்ந்து ஓடிப் பிடிக்காதீர்கள். போய்ச் சேரும்போது நீங்களும் நிலைதடுமாறியிருப்பீர்கள்.

இதைக் குடும்பத்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சம்பவம் நடந்த பிறகு சொன்னால் சாக்குப் போலத் தோன்றும்.

தரையில் கிடக்கிறார், அவசரமாகத் தூக்கிவிடட்டுமா?

தூக்காதீர்கள். முதலில் தலையில் அடி, கழுத்து வலி, கால் வழக்கத்துக்கு மாறாகத் திரும்பியிருப்பது, பேச்சுக் குழறல், மயக்கம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவற்றில் ஏதேனும் இருந்தால் ஆம்புலன்ஸை அழைத்து, அவரை அசைக்காமல், போர்வை போர்த்திப் பக்கத்தில் உட்காருங்கள். எதுவும் இல்லை, தெளிவாக இருக்கிறார் என்றால் உறுதியான நாற்காலியை அவர் அருகே கொண்டுவந்து, அவர் ஒருக்களித்து, மண்டியிட்டு, நாற்காலியைப் பற்றித் தானே எழ வழிசொல்லுங்கள். முடியவில்லை என்றால் இரண்டாவது ஆள் வரும்வரை காத்திருங்கள்.

மாடிப்படியில் சுமையோடு ஏறி இறங்குவது தவிர்க்க முடியாதது. என்ன செய்யலாம்?

ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க வேண்டும். மீதி ஒரு கைக்கு அடங்கும் சுமைதான் உங்கள் சுமை. துணிக்கூடையை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினால் அடுத்த படி தெரியாது. ஏறும்போதைவிட இறங்கும்போது விழுவதே அதிகம், அடியும் பலம். கூடையைப் பாதியாக்கி இரண்டு முறை போய்வரலாம், அல்லது தோளில் மாட்டும் பைக்குள் போட்டுக்கொள்ளலாம்.

பழைய வீடுகளில் எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருப்பதில்லை. முதல் இரண்டு படிகளிலேயே கால் அந்த உயரத்தைப் பழகிவிடுகிறது. நடுவில் ஒரு படி 1 சென்டிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் கால் ஏமாறும். அந்தப் படியின் விளிம்பில் பளிச்சென்ற நிறப்பட்டை ஒட்ட அனுமதி கேளுங்கள்.

பரண்மேல் இருக்கும் பெட்டியை எடுக்கச் சொல்கிறார்கள். நாற்காலியில் ஏறி எடுத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். சக்கரம் வைத்த நாற்காலி என்றால் பேச்சே இல்லை. கைப்பிடியுள்ள உறுதியான படி ஸ்டூல் இருந்து, அது உங்கள் பணிக்குள்ளும் வருகிறது என்றால் ஏறலாம். அடிக்கடி தேவைப்படும் பொருளாக இருந்தால் குடும்பத்தினர் ஒருமுறை இறக்கி, தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே எட்டும் அலமாரியில் வைத்துவிடட்டும்.

இரவுப் பணியில் விளக்குப் போட்டால் அவர் தூக்கம் கெடுகிறது. இருட்டிலேயே நடக்கிறேன்.

கழிப்பறைக்குப் போகும் பாதையில், கணுக்கால் உயரத்தில், ஆள் அசைந்தால் மட்டும் எரியும் சிறு விளக்குகளைப் பொருத்தச் சொல்லுங்கள். வெளிச்சம் தரையில் விழும், தூங்குபவரின் கண்ணில் படாது. அதுவரை கழுத்தில் மாட்டும் சிறு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியைக் கையில் பிடித்தால் ஒரு கை போய்விடும்.

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். பெரியவர் கூப்பிட்டதும் பளிச்சென்ற அறையிலிருந்து இருண்ட நடைக்குள் ஓடுவது அதனால்தான் ஆபத்து. வாசலில் சில நொடி நில்லுங்கள், சுவரைத் தொட்டபடி நடங்கள். கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. அதன்வழியே குனிந்து பார்த்தால் படிகள் மங்கலாகத்தான் தெரியும். படி இறங்கும்போது முகவாயைத் தாழ்த்தி மேல்பகுதியின் வழியே பாருங்கள்.

நாய் காலைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

பெரியவரைக் கட்டிலிலிருந்து எழுப்புவது, குளிப்பாட்டுவது, படி இறக்குவது ஆகிய நேரங்களில் செல்லப்பிராணிகள் வேறு அறையில் இருக்கட்டும். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே இதைப் பேசிவிடுங்கள். அதன் தண்ணீர்க் கிண்ணம் நடைபாதையில் இருந்தால் அதையும் ஒதுக்குங்கள்.

வாசலுக்கு வெளியே விழுந்தால் அது வேலையில் சேருமா?

ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பணிநிமித்தமாகப் போகும் வழியில் நேர்ந்தால் பல நாடுகளின் சட்டங்கள் அதைப் பணிநேரத்து விபத்தாகப் பார்க்கின்றன. சொந்த வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் போகும் பயணத்துக்கு நாட்டுக்கு நாடு விதி மாறும். உங்கள் ஒப்பந்தத்தைப் படித்து இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தடுப்பதைப் பொறுத்தவரை, பாசி படிந்த படி, நனைந்த இலைகள், உடைந்த நடைபாதைக் கல், குளிர்நாடுகளில் உறைபனி ஆகியவைதான் எதிரிகள். உறைபனியில் சின்ன அடிகளாக, முழுப்பாதத்தையும் பதித்து நடக்க வேண்டும். பையை முதுகில் மாட்டிக் கைகளை விடுவித்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் காலணியின் ஈரத்தை மிதியடியில் துடைத்த பிறகே தரையில் கால் வையுங்கள்.

நேரம் போதவில்லை. ஓடித்தான் ஆக வேண்டும். இதற்கு என்ன பதில்?

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் பணிநேரத்தைப் போடுபவர். இரண்டு வீடுகளுக்கு இடையே பயண நேரமே ஒதுக்காமல் அட்டவணை போட்டுவிட்டு, "மெதுவாக நடங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்புவது நியாயமில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்து, சேர்ந்து பணிபுரிபவர்களோடு கொண்டுபோய்க் கொடுங்கள். "கஷ்டமாக இருக்கிறது" என்ற முறையீட்டைவிட எழுதிய நேரக்கணக்குக்கு வலு அதிகம்.

தொடர்ச்சியாக இரண்டு பணிமுறை பார்ப்பவருக்குக் கால் சரியாகத் தூக்காது, கவனம் சிதறும். சளி, ஒவ்வாமைக்கான சில மாத்திரைகளும் தூக்கக் கலக்கம் தரும். அன்றைக்குக் குளிப்பாட்டுதல், படி இறக்குதல் போன்ற கடினமான வேலைகளை நீங்கள் தெளிவாக இருக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். வேலையை விடத்தான் வேண்டுமா?

விட வேண்டும் என்பதில்லை, வேலை மாற வேண்டும். வயிறு வளர வளர உடலின் எடைமையம் முன்னே நகர்கிறது, மூட்டுகளின் இணைப்புகள் தளர்கின்றன, படி இறங்கும்போது சொந்தக் கால் தெரியாது. எழுப்புதல், நகர்த்துதல், ஈரத் தரை வேலைகளை இரண்டாவது ஆளோடு செய்யவோ வேறு வீட்டுக்கு மாற்றவோ மருத்துவரின் கடிதத்தோடு கேளுங்கள். விழுந்துவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ரத்தக்கசிவு, வயிற்று வலி, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவை இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

விழுந்துவிட்டேன். உடனே எழுந்து வேலையைத் தொடர்ந்தேன். சரிதானே?

வெட்கத்தினால் எல்லோரும் அப்படித்தான் துள்ளி எழுகிறார்கள். இனிமேல் அப்படியே கிடந்து மூச்சுவிட்டு, கைகால்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். பிறகு மெதுவாக எழுங்கள். பெரியவர் பாதியில் நின்றிருந்தால் அவரை உட்காரச் சொல்லுங்கள்.

தலையில் அடிபட்டிருந்தால் அன்று தனியாக இருக்காதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், வலிப்பு, கைகால் மரத்துப்போவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். வலி போகவில்லை.

பெருவிரலை விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டோரம், ஒரு சிறு குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் படகெலும்பு என்ற சிறு எலும்பு முறிந்திருக்கலாம். அது முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுத்தாலோ, எம்.ஆர்.ஐ. போன்ற வேறு பரிசோதனை செய்தாலோ தெரியலாம். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகும். 'சுளுக்குதான்' என்று எண்ணெய் தடவிக்கொண்டு தொடர்ந்து தூக்கும் வேலை செய்யாதீர்கள். குழியில் வலி இருப்பதை மருத்துவரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள்.

அடி எதுவும் படவில்லை, கால் வழுக்கியது, அவ்வளவுதான். அதையும் சொல்ல வேண்டுமா? சொன்னால் கவனமில்லாதவள் என்று வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

சொல்ல வேண்டும். இன்று உங்கள் கால் வழுக்கிய இடத்தில் நாளை வரும் மாற்றுப் பணியாளருக்கோ பெரியவருக்கோ இடுப்பு உடையலாம். தேதி, நேரம், இடம், தரையில் என்ன இருந்தது, நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். தரையை மட்டும் படம் எடுங்கள். பெரியவரோ வீட்டின் அந்தரங்கமோ படத்தில் வரக் கூடாது. மூன்று நாள் கழித்து முதுகு பிடித்துக்கொண்டால், அது வேலையில் நேர்ந்தது என்பதற்கு அந்த நான்கு வரிதான் சான்று.

உங்கள் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. அப்படி நடக்கும் இடங்களும் இருக்கின்றன. அதனால் "விழுந்தேன்" என்பதோடு நிறுத்தாமல் "குளியலறை வாசலில் தண்ணீர் வடிந்து தேங்குகிறது, சரிசெய்ய வேண்டும்" என்று காரணத்தையும் தீர்வையும் சேர்த்து எழுதுங்கள். சொன்னவரைத் தண்டிக்கும் மேலாளருக்கு அடுத்த விபத்துவரை எதுவுமே தெரியவராது. மேலாளர்கள் இதைப் படித்தால் இந்த வரியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நிறுவனம் எதுவும் இல்லை, குடும்பமே நேரடியாகச் சம்பளம் தருகிறது. எனக்கு உரிமை என்று ஏதாவது இருக்கிறதா?

வீட்டுப் பணியாளர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011ஆம் ஆண்டில் 189ஆம் உடன்படிக்கையை ஏற்றது. ஒவ்வொரு வீட்டுப் பணியாளருக்கும் பாதுகாப்பான, உடல்நலத்துக்கு உகந்த பணிச்சூழலுக்கு உரிமை உண்டு என்று அதன் 13ஆம் பிரிவு சொல்கிறது. அதை ஏற்ற நாடுகளை அது கட்டுப்படுத்தும். 2022இல் பாதுகாப்பான பணிச்சூழலை அந்த அமைப்பு தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே சேர்த்தது. இழப்பீடும் காப்பீடும் எப்படி என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் முடிவுசெய்யும்.

நடைமுறையில் உங்களுக்கு உதவுவது எழுத்து. என்ன வேலை, எவ்வளவு நேரம், விழுந்தால் மருத்துவச் செலவு யாருடையது, விடுப்பு நாளுக்குச் சம்பளம் உண்டா என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நல்ல குடும்பங்கள் இதைத் தவறாக எண்ணுவதில்லை.

நாங்கள் குடும்பத்தினர். வேலைக்கு வருகிறவருக்காக வீட்டையே மாற்ற வேண்டும் என்றால் எப்படி?

வீட்டை மாற்ற வேண்டாம். விரிப்பை நகர்த்துவது, சுவரில் கம்பி பொருத்துவது, நடையில் விளக்கு வைப்பது, வழியும் குழாயைச் சரிசெய்வது ஆகியவைதான் கேட்கப்படுகின்றன. இவை அனைத்தும் உங்கள் தாயையோ தந்தையையோ முதலில் காப்பாற்றும். அவரைத் தாங்கியிருப்பவர் விழும்போது அவரும் விழுகிறார். பராமரிப்பாளர் கையுடைந்து ஆறு வாரம் வராமல்போனால், உங்கள் பெரியவரின் உடலையும் பழக்கத்தையும் அறிந்த ஒருவரை இழக்கிறீர்கள்.

எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன், எதுவும் மாறவில்லை. அந்த வீட்டுக்குப் போக மறுக்கலாமா? நான் போகாவிட்டால் அவரை யார் பார்ப்பார்கள்?

உயிருக்கோ உடலுக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் உடன்படிக்கை சொல்கிறது. பல நாடுகளின் சட்டத்திலும் இதையொத்த பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் சொல்லாமல் போகாமல் இருப்பது வேறு, சொல்லிவிட்டு மறுப்பது வேறு. உங்களை நம்பி ஒருவர் கட்டிலில் இருக்கும்போது தகவல் தராமல் விலகினால் அது அவரைக் கைவிடுவதாகும்.

ஆகவே முழு வேலையையும் மறுக்காமல் ஆபத்தான பகுதியை மட்டும் பிரித்து மறுக்கப் பாருங்கள். "கம்பி பொருத்தும்வரை குளியலறையில் குளிப்பாட்ட மாட்டேன், கட்டிலிலேயே உடல் துடைத்துவிடுகிறேன்." "படி சரியாகும்வரை மாடியிலிருந்து தனியாக இறக்க மாட்டேன், இரண்டாவது ஆள் வந்தால் இறக்குகிறேன்." பெரியவருக்கு உணவும் மருந்தும் சுத்தமும் கிடைத்துக்கொண்டிருக்கும், உங்கள் மறுப்பும் நிற்கும். இதை மேற்பார்வையாளருக்கோ குடும்பத்துக்கோ எழுத்தில் கொடுத்து, எந்தத் தேதிக்குள் சரிசெய்வார்கள் என்று கேளுங்கள். அந்தத் தேதியும் கடந்துபோனால், மாற்று ஏற்பாட்டுக்கு நாள் குறித்துக் கொடுத்து விலகலாம்.